கோணூசி அம்மா தைத்த பன்னிரண்டு வருஷம்

சாக்குப் பை தைக்கிற ஊசியைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளம், முனையில் லேசான வளைவு, பெரிய கண். அதற்குப் பேர் கோணூசி. நீதிமன்றப் பதிவறையில் வழக்குக் கட்டுகளைத் தைப்பதும் அதே ஊசியால்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஊசியோடு குடும்பம் நடத்தியவருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் கோணூசி என்றார்கள். முகத்துக்கு நேரே கோணூசி அம்மா என்றார்கள். அந்த "அம்மா"வை அவர் சும்மா வாங்கவில்லை, சண்டை போட்டு வாங்கினார்.

பதிவறை வேலை பார்க்கச் சுலபம். ஆயிரம் பக்கத்தை அடுக்கி, ஓட்டை போட்டு, நூல் கோத்து, முடிச்சு போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கம் தலைகீழாகப் போய்விட்டால் நீதிபதி கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டி வரும். அன்றைக்குத் தைத்தவர் கழுத்துதான் போகும். அதனால் கோணூசி அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தைப்பார். புரட்டுகிற பக்கத்தைப் படிக்காமல் விட அவருக்குத் தெரியாது. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு வேலைக்கு வந்தவர், மற்றவர்கள் வழக்கைப் படித்துப் படித்தே சட்டம் கற்றுக்கொண்டார். பிறகு தபாலில் பத்தாவது, தபாலில் பன்னிரண்டாவது, தபாலில் பட்டம். தபால்காரரே ஒருநாள், "எனக்கும் பாதி பட்டம் குடுங்கம்மா, எல்லாத்தையும் தூக்கிட்டு வந்தது நான்தானே" என்று கேட்டுவிட்டார்.

வக்கீல்களோடு அவருக்கு ஒரு பந்தயம் உண்டு. "உங்க கட்டுல நாற்பத்தேழாம் பக்கம் என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். தோற்றால் ஒரு டீ. வக்கீல்கள் கொடி வைத்த பக்கத்தை மட்டும் படிப்பவர்கள். கொடி என்றால் அந்த மஞ்சள் ஒட்டுக் காகிதம். நாற்பத்தேழில் கொடி இல்லையென்றால் டீ கோணூசி அம்மாவுக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன் காசில் டீ குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்புறம் நீதிமன்றம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இருபது வருஷம் வேலை பார்த்த ஊழியர்களில் பட்டம் வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சமரச மையத்தில் உட்கார வைக்கலாம். தீர்ப்பு சொல்லுகிற வேலை இல்லை அது. இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களே ஒரு முடிவுக்கு வரும்வரை பொறுமையாக இருக்கிற வேலை. கோணூசி அம்மா விண்ணப்பம் போட்டார், பயிற்சி முடித்தார், நான்காம் நம்பர் அறை கிடைத்தது. கதவு தள்ளினால் திறக்காது, இழுத்தாலும் திறக்காது, தூக்கித் தள்ளினால் திறக்கும். மூன்று வருஷம் அவருக்கு வந்ததெல்லாம் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகிய வழக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நம் வாசலில் நிறுத்திய வழக்கும்தான்.

நான்காவது வருஷம் அந்த டிரஸ்ட் வழக்கு வந்தது. குடும்ப டிரஸ்ட் வழக்கு என்றாலே மற்ற சமரசர்களுக்குத் திடீரென்று பல்வலி வரும், சொந்தக்காரர் கல்யாணம் வரும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நான்காம் அறைக்கு வந்து சேர்ந்தது.

மைய ஒருங்கிணைப்பாளர் கட்டை மேஜையில் வைக்கும்போதே சிரித்தார். "பார்க்கிங் கேஸ் மாதிரி நினைச்சுடாதீங்கம்மா. இது அண்ணன் தங்கச்சி சண்டை."

"பார்க்கிங்ல வண்டி நகரும் சார். இதுல மனுஷங்க நகரணும். அவ்வளவுதானே வித்தியாசம்?" என்றார் கோணூசி அம்மா. சொல்லிவிட்டாரே தவிர, கட்டைத் தூக்கப் போய் இரண்டு தடவை மேஜையிலேயே திரும்ப வைத்துவிட்டார். கட்டு கனம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரு தாய். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டைச் சாவதற்கு முன் டிரஸ்டாக எழுதி வைத்தார். வீட்டை யாரும் விற்கக் கூடாது. கீழ்த்தளத்தில் வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடக்க வேண்டும். மூன்று பிள்ளைகளும் டிரஸ்டிகள். வருஷத்துக்கு ஒருமுறை மூவரும் அதே வீட்டில் கூடிப் பேசி, பேசியதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் கூடவில்லையென்றால் மூவருக்கும் பொறுப்பு போய்விடும். தன் பிள்ளைகள் மூன்றும் மூன்று திசை என்று அந்தத் தாய்க்குத் தெரியும் போலிருக்கிறது. செத்த பிறகும் வருஷத்துக்கு ஒருநாள் ஒன்றாக உட்கார வைக்கப் பார்த்திருக்கிறார்.

உட்கார்ந்தார்களா? தாயின் காரியம் நடந்த அன்றே சண்டை. மூத்தவர் ஓய்வு பெற்ற நில அளவையர். அளக்கிற டேப் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். வீட்டில் "டேப் அண்ணன்" என்றே பேர். நடுவிலுள்ளவர் தங்கை, மருந்துக்கடை வைத்திருக்கிறார். தாயின் கடைசி நாளில் அவர் வந்து சேர ஒரு மணி நேரம் தாமதம். டேப் அண்ணன் நாலு பேர் முன்னால், "கடையைப் பூட்டிட்டு வர நேரமில்லை போல" என்று சொல்லிவிட்டார். அன்று போன தங்கை பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கூட்டம் மட்டும் வருஷா வருஷம் நடந்தது, நோட்டில். "வந்தவர்கள்: மூவரும்" என்று டேப் அண்ணன் பதினோரு வருஷம் எழுதியிருந்தார்.

இது தங்கைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கூத்து. காப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு பெண், இருமல் மருந்து வாங்க வந்தவள், மருந்துக்கடையில் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். "மாடிப்படியில எங்க பிள்ளைங்க உயரத்துக்கு ஒரு கைப்பிடி போடச் சொல்லி மீட்டிங்ல நீங்கதான் அடம் பிடிச்சீங்களாமே மேடம். பெரியவர் சொன்னார். ரொம்ப நன்றி." எந்த மீட்டிங், எந்தக் கைப்பிடி? தங்கை விசாரித்தார், நோட்டைப் பார்க்கக் கேட்டார், கிடைக்கவில்லை, வக்கீலைப் பிடித்தார். நன்றி சொன்னதற்காக வழக்குப் போட்ட ஒரே ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும்.

நீதிபதி சமரசத்துக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்று அமர்வு. மூன்று பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு, நடந்தது இதுதான், மன்னித்துத் தொடர விடுங்கள் என்று கேட்டால் யோசிக்கலாம். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மூவரையும் நீக்கிவிட்டு வெளியாளைத் தேட வேண்டும், கிடைக்கும்வரை காப்பகத்துக்குப் பூட்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்? முப்பத்துநாலு குழந்தைகள் அங்கே. முப்பத்துநாலு அம்மாக்கள் காலையில் அங்கே விட்டுவிட்டுத்தான் வேலைக்கு ஓடுகிறார்கள்.

முதல் அமர்வு. வட்ட மேஜை. வக்கீல்கள் சுவரோரம். இது கோணூசி அம்மாவின் சட்டம்.

தங்கையின் வக்கீல் சுவரோரத்திலிருந்தே ஆரம்பித்தார். "பதினோரு வருஷம், மேடம். பதினோரு பொய். எல்லாத்துக்கும் கொடி வச்சிருக்கேன்."

"நான் அந்த வாசப்படியை மிதிச்சே பன்னிரண்டு வருஷமாச்சு" என்றார் தங்கை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இவர் எழுதறார், நான் வந்தேனாம், உட்கார்ந்தேனாம், ஒத்துக்கிட்டேனாம். நான் என்ன ஆவியா?"

"ஆவின்னா அண்ணன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதேக்கா" என்றார் சின்னவர். மூன்றாவது டிரஸ்டி. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். வேலைப் பழக்கம், யாராவது குரலை உயர்த்தினால் அவருடைய வலது கால் மேஜைக்குக் கீழே இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"நீ வாயை மூடு. நீயும்தான் போகலை."

"போனேன்க்கா. கார் நிறுத்த இடமில்லை. திரும்பிட்டேன்."

"பன்னிரண்டு வருஷமாவா?"

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறவனுக்குத்தான்க்கா பார்க்கிங் கஷ்டம் தெரியும்." கால் இரண்டு தடவை பிரேக் போட்டது.

டேப் அண்ணன் வாயே திறக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த டேப்பைக் கொஞ்சம் இழுப்பார், விடுவார். சர்ர்க். மறுபடி இழுப்பார். சர்ர்க். பேசாமல் இருக்கச் சொல்லி அவர் வக்கீல் உத்தரவு போட்டிருந்தார்.

இங்கேதான் கோணூசி அம்மா சறுக்கினார். பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. ஆனால் அந்தச் சர்ர்க் சத்தம் பல்லைக் கூச வைத்ததோ என்னவோ, நேரே கேட்டுவிட்டார். "ஐயா, நீங்க பொய்யா எழுதினீங்களா, இல்லையா?"

டேப் அண்ணன் எழுந்தார். கதவைத் தள்ளினார், இழுத்தார். திறக்கவில்லை. கோபமாகப் போகிற மனுஷனுக்கு இதைவிட அவமானம் உண்டா? கடைசியில் சின்னவர்தான் போய்க் கதவைத் தூக்கித் தள்ளி அண்ணனை வெளியே அனுப்பினார்.

"பார்த்தீங்களா மேடம்? பதில் இல்லை" என்றார் தங்கை. ஜெயித்த முகம்தான். ஆனாலும் அண்ணன் போன கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோணூசி அம்மா அதைக் கவனித்தார்.

அன்று வீட்டில் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "என்ன மேடம், இன்னிக்கு மூஞ்சி மூணாவது மாடியிலயே நின்னுடுச்சு?"

"ஒரு கேள்வி கேட்டுத் தொலைச்சேங்க. கேட்கக் கூடாத கேள்வி."

"நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்க அம்மாகிட்ட கேட்டியே, அந்த மாதிரியா?"

"அதைவிட மோசம்."

"அடேங்கப்பா" என்று அவர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் கோணூசி அம்மா அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு பழைய பதிவறைக்குப் போனார். முதல் அமர்வின் இழுபறியில் நூல் அறுந்து பக்கங்கள் நழுவிக்கொண்டிருந்தன. தைக்க வேறு ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் மனசு சரியில்லாதபோது அவர் கை தானாக ஊசியைத் தேடும். ஜன்னலோர மரப்பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மனு, எதிர்மனு, டிரஸ்ட் பத்திரம், அப்புறம் நீதிமன்றம் கேட்டு வாங்கிய அந்த நோட்டின் நகல். அளவையர் கையெழுத்து, கட்டம் போட்டு வரைந்தது மாதிரி. ஒவ்வொரு வருஷத்தின் முதல் வரியிலும் மஞ்சள் கொடி. "வந்தவர்கள்: மூவரும்."

கொடிக்குக் கீழேயும் எழுத்து இருந்தது. பக்கம் பக்கமாக.

முதல் வருஷம். "வாசற்படி ஏழரை அங்குலம் உயரம், குழந்தைகள் தடுக்கி விழும் என்று தங்கை ஆட்சேபித்தார். தேவையில்லை என்று நான் சொன்னேன். தங்கை கோபித்து எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். தீர்மானம்: தங்கை சொன்னபடி படி ஐந்து அங்குலமாகக் குறைக்கப்படும்."

இரண்டாம் வருஷம். "சுவருக்குப் பச்சை நிறம் என்றேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று தங்கை சொன்னார். இளையவர் ஒரு ஜோக் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம்: மஞ்சள்."

கோணூசி அம்மாவின் ஊசி நின்றுவிட்டது.

நான்காம் வருஷம் மருந்து அலமாரி. "எட்டுகிற உயரத்தில் மருந்து வைப்பவன் மடையன் என்று தங்கை சொன்னார். என்னைத்தான் சொன்னார். தீர்மானம்: ஐந்தடி உயரத்தில், பூட்டோடு." ஏழாம் வருஷம் ஜன்னல் கம்பி. பத்தாம் வருஷம் மாடிப்படிக் கைப்பிடி, தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம். பதினோரு கூட்டம், பதினோரு சண்டை, பதினொன்றிலும் தங்கைக்குத்தான் வெற்றி. தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் சண்டையை ஒருத்தரே போட்டு, தானே தோற்று, அதை அங்குலக் கணக்கில் எழுதியும் வைத்திருக்கிறார் அந்த மனுஷன். இளையவரின் ஜோக்கும் வருஷம் தவறாமல் வந்தது. கற்பனையிலும் அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசிப் பக்கம் பன்னிரண்டாம் வருஷம். அதில் கொடி இல்லை. "வக்கீல் நோட்டீஸ் வந்தது. தங்கை வரவில்லை. தீர்மானம் எதுவும் இல்லை."

கோணூசி அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பதிவறையில் தூசி அதிகம். அப்புறம் நூலை இறுக்கி, எப்போதும் போடும் ஒரு முடிச்சுக்குப் பதில் இரண்டு முடிச்சுப் போட்டார்.

அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் போய் நின்றார். "அடுத்த அமர்வு இங்கே இல்லை சார். அந்த வீட்டுல, காப்பகத்துல. மத்தியானம் ஒன்றரை மணிக்கு."

"ஒன்றரை மணிக்குக் குழந்தைங்க தூங்குமே?"

"அதுக்குத்தான் சார்."

தங்கை வர மறுத்தார். வக்கீலும் மறுத்தார். கோணூசி அம்மா போனில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "உங்க பேர்ல என்னென்ன எழுதியிருக்குன்னு உங்க கண்ணால பார்க்க வேண்டாமாம்மா?" வீம்புக்காரர்களை வரவழைக்க வீம்பைத்தான் தொட வேண்டும். தங்கை ஒன்று இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று படியைப் பார்த்தார். உயரமான படியை எதிர்பார்த்துத் தூக்கிய கால், தாழ்ந்த படியில் "தொப்"பென்று இறங்கியது. அப்படியே உள்ளே வந்தார். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் முடிந்தது, ஒரு தொப்பில்.

உள்ளே மஞ்சள் சுவர். பாய்களில் வரிசையாக முப்பத்துநாலு குழந்தைகள், கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பார்த்துக்கொள்ளும் ஆயா உதட்டில் விரல் வைத்தார். "இப்பதான் கண்ணு மூடியிருக்கு. யார் எழுப்பறாங்களோ அவங்கதான் திரும்பத் தூங்க வைக்கணும். சொல்லிட்டேன்."

உட்காரக் குழந்தை நாற்காலிகள்தான். இரண்டு வக்கீல்களும் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். அந்த நிலையில் எவ்வளவு பெரிய வக்கீலும் சட்டப் பிரிவு பேச முடியாது.

கோணூசி அம்மா கட்டைத் தங்கையின் மடியில் வைத்தார். கொடிகளை எல்லாம் அதற்கு முன்பே பிய்த்து, எண்ணி, வக்கீல் கையில் கொடுத்திருந்தார். "படிங்கம்மா" என்று கிசுகிசுத்தார். "முதல் வரியை விட்டுட்டு மிச்சத்தை. எல்லாருக்கும் கேக்கணும், குழந்தைங்களுக்கு மட்டும் கேக்கக் கூடாது."

தங்கை படித்தார். முதல் வருஷம் படிக்கும்போது குரல் கத்தி மாதிரி இருந்தது. "வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்" என்ற இடத்தில் நின்றார். "நானா? நான் போனா திரும்பி வர மாட்டேன். என்னைத் தெரியாதா இவருக்கு?" என்று கிசுகிசுவிலேயே சீறினார். சண்டை போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. பாம்பு மாதிரி சத்தம் வந்தது.

"தெரியும்" என்றார் டேப் அண்ணன். இந்த வழக்கில் அவர் பேசிய முதல் வார்த்தை. அவர் வக்கீல் எழப் பார்த்தார், குட்டி நாற்காலி கூடவே எழுந்தது. "தெரியும். அதான், நோட்டுலயாவது வரட்டும்னு…"

தங்கை அவரைப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் வருஷத்தில் சின்னவரின் ஜோக் வந்தபோது சின்னவர், "என்ன ஜோக்குண்ணே சொன்னேன்? நல்லாயிருந்தா நான் வச்சுக்கறேன்" என்றார். நான்காம் வருஷத்தில் "மடையன்" என்ற வார்த்தையில் தங்கையின் வாயோரம் ஒரு பக்கமாகப் போனது. சிரிப்பு இல்லை. சிரிப்புக்கு முன்னால் வருகிற ஏதோ ஒன்று.

நான்காம் வருஷத்தோடு கட்டை மூடினார். எழுந்து நேரே மருந்து அலமாரிக்குப் போனார். கீழே சுவரைத் தடவிப் பார்த்தார். மஞ்சள் பூச்சில் நாற்காலி முதுகு உரசின கோடுகள், ஒன்றல்ல, ஐந்தாறு.

"ஐந்தடி போதாது" என்று கிசுகிசுத்தார். மருந்துக்கடைக் குரல், சந்தேகமே இல்லாத குரல். "நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கு ஏதோ ஒரு வாலு. சாவி எங்கே தொங்குது? அலமாரிப் பக்கத்துலயேவா? பூட்டுக்குப் பக்கத்துல சாவி மாட்டறவரை என்னன்னு சொல்றது?"

"மடையன்னு" என்றார் டேப் அண்ணன், தயாராக.

அவர் எழுந்து டேப்பை எடுத்தார். சர்ர்க் சத்தம் வராமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இழுத்தார். நாற்காலியின் உயரம் எடுத்தார். பிறகு பாய் வரிசைக்குப் போய், இருப்பதிலேயே நீளமாகத் தூங்கிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் மண்டியிட்டு, குதிகாலிலிருந்து நீட்டிய விரல்நுனிவரை டேப்பை மேலே படாமல் பிடித்து அளந்தார். பன்னிரண்டு வருஷமாகத் தங்கையைப் பார்க்காத கண், இப்போதும் அவரைப் பார்க்கவில்லை, அங்குலத்தைத்தான் பார்த்தது. "நாற்காலியோட சேர்த்து அறுபத்தோரு அங்குலம். ஐந்தடி எட்டுது. ஆறடிக்கு ஏத்தணும்."

"ஆறரை. அடுத்த வருஷம் வளருவான் இல்ல?"

"ஆறரைன்னா ஆயாவுக்கு எட்டாது."

"ஆயாவுக்கு ஒரு முக்காலி. அதைப் பூட்டி வைக்கணும்."

"எதுல பூட்டறது?"

"அதையும் நானே சொல்லணுமா?"

குரல் ஏறியது. சின்னவரின் கால் பிரேக்கைத் தேடித் தரையில் அடித்தது. தொம். பாயில் ஒரு குழந்தை புரண்டு, கண் திறந்து, வட்டமாக நின்ற பெரியவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. ஆயா இடுப்பில் கை வைத்துச் சின்னவரையே பார்த்தார். பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமே! அடுத்த இருபது நிமிஷம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் கியரில் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கோணூசி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான இருபது நிமிஷம் அது. நாக்கு துறுதுறுக்கிறது, பாருங்கம்மா உங்க அண்ணன் மனசை என்று சொல்ல. போன தடவை வாய் செய்த வேலை ஞாபகம் வந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தங்கைதான் வந்து பக்கத்தில் குந்தினார். "மேடம், இது கூட்டம்தானே? மூணு பேரும் இருக்கோம், இந்த வீட்டுல இருக்கோம்."

"நீங்க சொன்னா கூட்டம்தான்மா."

"அப்போ ஒண்ணு. அந்தப் பதினோரு வருஷம் பொய்தான். அதை உண்மைன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேண்டாம். நடக்கலைன்னே எழுதுவோம். எழுதினது நடக்கலை, ஆனா எழுதினபடி படி இறங்குச்சு, கைப்பிடி வந்துச்சு, காப்பகம் ஒருநாளும் மூடலைன்னு எழுதுவோம். அண்ணன் தப்புன்னு ஒத்துக்கணும். நீங்களும் தம்பியும் வராம இருந்ததை ஒத்துக்கணும்."

தங்கை டேப் அண்ணனைப் பார்த்தார், முதல் தடவையாக. "ஒத்துக்குவாரா?"

"தப்புதான்" என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்குக் கடையைப் பத்திச் சொன்னதும்."

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. "நோட்டை இனிமே நான் எழுதறேன்" என்றார். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் எங்கேயும் யாரும் எழுதிடாதீங்க."

மூன்றாம் அமர்வில் நான்காம் அறையில் கையெழுத்து. மேஜையில் பேனா உருண்டுகொண்டிருந்தது. டேப் அண்ணன் போட்டார், சின்னவர் போட்டார். தங்கை பேனாவை எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் விடவில்லை. ஐம்பது நிமிஷம். சுவரோரம் வக்கீல்கள் மணியைப் பார்த்தார்கள், கோணூசி அம்மா மட்டும் கண்ணெடுக்காமல் பக்கம் புரட்டும் அந்தக் கையைப் பார்த்தார். தன்னைப் போல இன்னொருத்தியை இந்தக் கட்டிடத்தில் அவர் பார்த்ததே இல்லை.

கடைசிப் பக்கத்தில் தங்கை நின்றார். "ஆறடின்னு போட்டிருக்கு. ஆறரைன்னு சொன்னேன்."

டேப் அண்ணன் எழுந்து வந்தார். அடித்துத் திருத்தினார், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். தங்கை கையெழுத்திட்டார்.

நீதிபதி மன்னித்தார், மூவரையும் தொடர விட்டார். காப்பகத்துக்குப் பூட்டு விழவில்லை. ஒருங்கிணைப்பாளர் நான்காம் அறைக்கு வந்து, தள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கடைசியில் கதவுக்கு வெளியிலிருந்தே கத்தினார். "அம்மா, இன்னும் ரெண்டு டிரஸ்ட் கேஸ் இருக்கு. மத்தவங்க எல்லாருக்கும் பல்வலியாம்."

"தூக்கித் தள்ளுங்க சார்" என்றார் கோணூசி அம்மா, நாற்காலியை விட்டு எழாமலே. அவ்வளவு பெருமை ஒருநாளைக்கு ஒரு மனுஷிக்கு ஆகும்.

அடுத்த வருஷம் டிரஸ்டின் கூட்ட நோட்டு நகல் நீதிமன்றத்துக்கு வந்தது. அதைக் கட்டில் சேர்க்க வேண்டியது பதிவறை வேலை, சமரசர் வேலை இல்லை. இருந்தாலும் கோணூசி அம்மா ஊசியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். புதுக் கையெழுத்து, மருந்துச் சீட்டு மாதிரி சின்னது, ஆனால் படிக்க முடிந்தது.

"வந்தவர்கள்: மூவர். நிஜமாகவே. முக்காலி வேண்டாம், மடக்கு ஏணி போதும் என்று பெரியவர் ஆட்சேபித்தார். ஏற்கப்படவில்லை. பெரியவர் கோபித்து எழுந்து வாசல்வரை போனார். திரும்பி வந்தார். இளையவர் ஒரு ஜோக் சொன்னார். ஒருவர் சிரித்தார்."

யார் சிரித்தது என்று எழுதவில்லை. கோணூசி அம்மா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னாலும் இல்லை. நூலைக் கோத்தார், இரண்டு முடிச்சுப் போட்டார். வாசலில் ஒரு வக்கீல் போய்க்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். "டீ பந்தயம். இந்தக் கட்டுல கடைசிப் பக்கம் என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."